இப்போதைக்கு முதல் பட்டதாரி

ஒரு விடுகதை போடுகிறேன். குடும்ப அட்டையில் இருப்பார், குடும்பத்தில் இல்லை. மின்விசிறியைப் போட்டால் அணைப்பார், அணைத்தால் போடுவார். பாயில் உட்காருவார், பாய் அழுந்தாது. அவர் யார்?

வெளியூர்க்காரர்கள் சற்று யோசிப்பார்கள். எங்கள் கொக்கராமேட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட விடுகதை முடிவதற்குள் சொல்லிவிடுவார்கள். வீட்டு ஆவி.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆவி உண்டு. வீட்டை வாங்கினாலும் வாடகைக்குப் பிடித்தாலும் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் போல அதுவும் கூடவே வரும். குடும்ப அட்டையில் எல்லாப் பெயர்களுக்கும் கீழே ‘மற்றவர்: 1’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஆவிகள் பேசுவதில்லை. யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. யாரும் அவர்களிடம் எதுவும் கேட்பதுமில்லை.

என் மகள் சிந்துஜா கேட்க விரும்பினாள். கேட்பதற்குக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

நான் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறேன். ஏழாம் வகுப்பு விடுமுறையில் சிந்துஜா அங்கே வந்து உட்கார்ந்திருந்தபோது, காலையில் ஒன்பது டன் இருந்த ஒரு காலி லாரி மாலையில் நாற்பது கிலோ குறைவாக நிற்பதைக் கவனித்தாள். ஓட்டுநரிடம் கேட்டாள். ஓர் ஆவி ஏறியிருக்கிறது, ஏறினால் வண்டி லேசாகும், கரூர் தாண்டி இறங்கிக்கொள்ளும் என்று அவர் சொன்னார். எடை மேடைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நாற்பது கிலோவைக் கூட்டிப் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவோம்.

“கரூர்ல அதுக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களா மாமா?” என்றாள் சிந்துஜா.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது அது நான்காவது நோட்டு. நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கல்லூரிகளின் விருப்பப் பட்டியலைக் கணினியில் நிரப்பிப் பூட்டுவதற்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. அந்தத் தேதியை நான் எடை மேடையின் சுவரிலும், சமையலறை டப்பா ஒன்றிலும், என் உள்ளங்கையிலும் எழுதி வைத்திருந்தேன். பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பாடப் பிரிவுகள் இருந்தன. ஆவி ஆய்வு என்று ஒன்று இல்லை.

என் அண்ணன் வேலுச்சாமி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். தினமும் இரண்டு முறை போன் செய்தார்.

“சாந்தாமணி, நாஞ் சொல்றதக் கேளு. கம்ப்யூட்டர் சயின்ஸ் போடச் சொல்லு. ஆவிய லீவு நாள்ல பாத்துக்கட்டும்.”

“அவ கேக்கறதில்லீங்கண்ணா.”

“அப்ப காமர்ஸ். எந்தப் பொழப்புக்கும் ஆகும். ஆவியே வேணும்னாலும் பேங்க்ல ஒண்ணு இருக்குது, டோக்கன் மிஷின்கிட்ட. நானே பாத்திருக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் உயர்கல்வி வழிகாட்டி முகாம் நடந்தது. மேசைக்கு ஒரு துறையாகப் பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம்.

இயற்பியல் பேராசிரியர் சிந்துஜாவின் நோட்டை முழுவதும் படித்தார். “நாற்பது கிலோ குறைஞ்சா நாங்க அதைக் கருவிப் பிழைன்னு எழுதுவோம். பிழையைப் பத்தி மூணு வருஷம் சொல்லித்தர்றோம். நல்லா இருக்கும்” என்றார்.

உளவியல் பேராசிரியை நோட்டைத் திறக்கவில்லை. “நாங்க ஆவியைப் பாக்கறதில்லம்மா. உன்னைப் பாப்போம்” என்றார். உடனே பார்க்கவும் தொடங்கினார். நான் மகளின் கையைப் பிடித்து அடுத்த மேசைக்கு நகர்த்தினேன்.

கட்டடவியல் பேராசிரியர், பெரும்பாலான ஆவிகள் சுவரில் ஈரம் இறங்குவதால் வருகின்றன என்றும், ஈரத்தை நிறுத்திவிட்டால் அவை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அவர் வீட்டு ஆவி அப்படித்தான் போனதாம். இப்போது வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றார்.

எல்லா மேசையிலும் சிந்துஜா ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். “ஆவிகிட்ட நேராக் கேக்கறது எத்தனாவது செமஸ்டர்ல வருதுங்க?”

யாருடைய பாடத்திட்டத்திலும் அது வரவில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஒரு துணிப்பையும் பேனாவும் கொடுத்து அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு சிக்கல் வந்தது. எங்கள் நிலைமைக்கு முதல் பட்டதாரிச் சான்று இருந்தால்தான் சிந்துஜாவைக் கல்லூரிக்கு அனுப்ப முடியும். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்பதற்கான சான்று அது, காட்டினால் கட்டணச் சலுகை உண்டு. அதில் எனக்குக் கவலை இருக்கவில்லை. நான் பத்தாவது. என் வீட்டுக்காரர் எட்டாவது, லாரியில் அசாம் போயிருந்தார். விசாரணைக்காகக் கிராம நிர்வாக அலுவலர் சிவப்பிரகாசம் பதினொரு மணிக்கு வந்தார். மோர் கொடுத்தேன்.

எங்கள் வீட்டு ஆவி குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் காலை ஒன்பதரைக்கு வருவார், மாலை மூன்றரைக்குப் போவார். ஞாயிறு வரமாட்டார்.

“உங்க வீட்டுது பரவால்லீங்க, அமைதியா இருக்குது” என்றார் சிவப்பிரகாசம். “எங்க வீட்டுது காலண்டர் கிழிக்குது. நேத்தோட ஆகஸ்ட் வரைக்கும் கிழிச்சிருச்சு. நாங்க இன்னும் ஜூன்லதான் இருக்கறோம்.”

பிறகு அவர் படிவத்தை விரித்து, விதிப்படி உரக்கக் கேட்டார். “இந்த வீட்டுல குடியிருக்கறவங்கள்ல யாராச்சும் காலேஜ் படிச்சவங்க இருக்கறாங்களா?”

“இல்லீங்க” என்றேன்.

ஆவி கையைத் தூக்கினார்.

நாங்கள் குடிவந்து பதினான்கு ஆண்டுகளில் அவர் எதற்கும் கை தூக்கியதில்லை. சிவப்பிரகாசம் மோரைக் கீழே வைத்தார். குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்தார். ‘மற்றவர்: 1’ என்ற வரியின் மேல் விரலை வைத்தார்.

“குடியிருக்கறவருங்க” என்றார்.

“அவரு எங்களுக்குச் சொந்தமில்லீங்களே!”

“சொந்தம்னு கேக்கலீங்க. குடியிருக்கறவருன்னுதான் இருக்குது. நான் கண்ணுல பாத்துட்டனே, இனி எப்படிங்க இல்லைன்னு எழுதறது? டிகிரி முடிச்சாரா இல்லையான்னு ஆதாரத்தோட வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள கொண்டாங்க. முடிச்சிருந்தா சான்று இல்லீங்க. முடிக்கலைன்னா கையெழுத்துப் போட்டுர்றேன்.”

அவர் போன பிறகு நான் ஆவிக்கு எதிரே உட்கார்ந்தேன். பதினான்கு ஆண்டுகளில் நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் முறை.

“ஏனுங்க, நீங்க டிகிரி முடிச்சீங்களா?” என்றேன். அவர் சுவரைப் பார்த்தார். “ஒத்தப் புள்ளைங்க. நெனச்சத ஒண்ணுதான் படிக்கோணும்ங்கறா. ஆமாவா இல்லையான்னு தலையையாச்சும் ஆட்டுங்க” என்றேன். அவர் எழுந்து மின்விசிறியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அதைப் போட்டேன். அவர் அணைத்தார். வியர்த்துக் கொட்டியது. அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “கை தூக்கறதுக்கு அவருக்கு வேற நாளே கெடைக்கலையா?” என்றார். “வேற வீடு பாக்கட்டுமா? படிக்காத ஆவியா இருக்கற வீடு ஒண்ணு சந்தைப் பக்கம் காலியா இருக்குது. கைநாட்டு. நான் கேரண்டி.” வெள்ளிக்கிழமைக்குள் குடும்ப அட்டையில் முகவரி மாற்ற முடியாது என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

சிந்துஜா தன் நான்கு நோட்டுகளையும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறை தலையைத் தூக்கினாள்.

“அம்மா, அவரு ஒம்பதரைக்கு வந்து மூணரைக்குப் போறாரு. மார்கழில அரையாண்டு லீவு, சித்திரையில முழு லீவு. நீ அவருகிட்ட அம்மா மாதிரி கேட்டிருக்கற. அவருக்கு அது வெளங்காது.”

“வேற எப்படிக் கேக்கறது?”

“கேள்வித்தாள் எடுக்கோணும்.”

புதன்கிழமை காலை அவள் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தாள். மேலே ‘நேரம்: ஒரு மணி. மதிப்பெண்கள்: 25’ என்று எழுதினாள். பாய்க்கு முன்னால் ஒரு சின்ன மேசையைப் போட்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தாள். பத்து மணிக்கு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு முறை அடித்தாள்.

ஆவி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வித்தாளை முதலில் முழுவதும் ஒரு தடவை படித்தார். பிறகு தாளின் இடது பக்கம் மடித்து ஓரம் விட்டார். எழுதத் தொடங்கினார்.

சிந்துஜா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நான் மூச்சுவிடவே பயந்து சமையலறை வாசலில் நின்றேன். அரை மணி ஆனதும் அவர் எழுந்து நின்றார். சிந்துஜா கூடுதல் தாள் கொடுத்தாள். கடைசி ஐந்து நிமிடத்தில் மறுபடியும் எழுந்து நின்றார். என்ன கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தாள்களைக் கட்ட நூல் வேண்டும். என் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் கொடுத்தேன். முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோடிட்ட இடங்களை எல்லாம் நிரப்பியிருந்தார். பெயர், ம. துரைக்கண்ணு. கல்லூரி, பூவரசம்பாறைக் கலைக் கல்லூரி. பாடம், விலங்கியல்.

சரியா தவறா என்ற பகுதியில் ‘நான் பட்டம் பெற்றவன்’ என்று சிந்துஜா எழுதியிருந்தாள். அவர் ‘சரி’ என்று எழுதி அடித்திருந்தார். ‘தவறு’ என்று எழுதி அதையும் அடித்திருந்தார்.

இரண்டு மதிப்பெண் வினா: நேற்று கை தூக்கியதற்குக் காரணம் தருக. விடை: ‘கல்லூரியில் படித்தவர் உண்டா என்று கேட்டார். படித்தேன். எனவே தூக்கினேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.’

கடைசியாக ஐந்து மதிப்பெண் நெடுவினா: உமது தேர்வு முடிவு என்ன ஆயிற்று? விவரி. இதற்கு இரண்டு பக்கம் எழுதி, தலைப்புகளுக்கு அடிக்கோடு இட்டிருந்தார். மூன்றாம் ஆண்டில் ஒன்றைத் தவிர எல்லாத் தாள்களிலும் அவர் தேறிவிட்டார். மிச்சமிருந்த விலங்கியல் மூன்றாம் தாளையும் எழுதி முடித்து, கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அதைத் திருத்துவதற்குள் கல்லூரியை மூடிவிட்டார்கள். விடைத்தாள்கள் முதல்வர் அறையின் பச்சை அலமாரியில் இருக்கின்றன. முடிவு வரும் வரை மாணவர் வருகையை விடக் கூடாது என்பதால் தினமும் வந்துகொண்டிருக்கிறார். கல்லூரி மூடியிருப்பதால் எங்கள் வீட்டுக்கு.

சிந்துஜா சிவப்பு மையில் திருத்தி இருபத்திரண்டு போட்டாள். நெடுவினாவுக்குப் படம் வரையாததால் மூன்று குறைத்ததாகச் சொன்னாள். துரைக்கண்ணு அந்தத் தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். அன்று மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். சிவப்பிரகாசம் கையெழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“முடிச்சாருன்னும் சொல்ல முடியாது, முடிக்கலைன்னும் சொல்ல முடியாது” என்றார். “இதுக்குப் படிவத்துல ஒரு கட்டம் இருக்குதுங்க. முடிவு நிலுவைன்னு. போட்டுத் தர்றேன்.”

சான்றிதழில் சிந்துஜாவின் பெயருக்கு நேரே ‘முதல் பட்டதாரி (இப்போதைக்கு)’ என்று எழுதினார்.

“இது எது வரைக்குமுங்க?”

“அவரு ரிசல்ட் வர்ற வரைக்கும் செல்லும். வந்து பெயிலுன்னா, அப்பறம் எப்பவும் செல்லும். பாஸுன்னா அன்னைக்கே செல்லாது. நீங்களே கொண்டாந்து குடுத்தரோணும்.”

“அந்தக் காலேஜத்தான் மூடிட்டாங்களே?”

“அப்பப் பயமே இல்லீங்க. யாரு போயித் தொறக்கப் போறா?” என்று முத்திரையைக் குத்தினார்.

பத்து நாள்களில் அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன். அண்ணன் போனில் ஒரு பட்டியல் சொன்னார். கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ், கணிதம், அப்புறம் அவளுடைய திருப்திக்காக இயற்பியல். நான் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்குச் சிந்துஜா மேசையில் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். நான் பட்டியலையும் போனையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றரை தாண்டியும் துரைக்கண்ணு போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவள் என் பட்டியலைப் பார்க்கவில்லை. கல்லூரியின் பெயர் கேட்கும் இடத்தில் ‘பூவரசம்பாறை’ என்று தட்டினாள். வந்தது. கல்லூரி எண் இருந்தது. விலங்கியல், இடங்கள் அறுபது, காலி அறுபது. கீழே ‘கல்லூரி மூடப்பட்டது. மற்ற விவரங்களில் மாற்றமில்லை’ என்று போட்டிருந்தது.

“சிந்து, என்ன பண்ற?”

“விடைத்தாள் அங்கதாம்மா இருக்குது.”

“இருக்கட்டும். அது உள்ளயே இருந்தா நமக்கு நல்லது. வெளிய வந்து இவரு பாஸ் ஆயிட்டா உன்ற சான்று போச்சு. நீயே போயி எடுத்துட்டு வருவியா?”

“எடுத்தாத்தானே தெரியும்.”

“தெரிஞ்சு?”

“அப்ப இவரு முதல் பட்டதாரி. நான் ரெண்டாவது.”

“ரெண்டாவதுக்குச் சான்று கெடையாது கண்ணு. சான்று இல்லீன்னா பாதிப் படிப்புல நிக்கோணும். அப்ப என்ன பண்ணுவ?”

அவள் யோசித்தாள். எனக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல, விடை தெரியுமா என்று உண்மையாகவே யோசித்தாள். “தெரியலம்மா” என்றாள். பிறகு, “இவரும் மாமா சொல்ற காமர்ஸ எடுத்திருந்தா இப்ப நம்ம வீட்டுல உக்காந்திருக்க மாட்டாரு” என்றாள்.

நான் துரைக்கண்ணுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் ‘மூடப்பட்டது’ என்ற சொல்லுக்குக் கீழே இருந்த ‘மாற்றமில்லை’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவள் ‘பூட்டு’ என்ற பொத்தானை அழுத்தினாள். என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஆறு இலக்க எண். ஐந்து நிமிடத்தில் காலாவதி ஆகும் என்றிருந்தது. அந்த எண்ணைப் போட்டால்தான் பட்டியல் பூட்டும். சிந்துஜா கையை நீட்டினாள்.

நான் போனைக் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், அந்த எண் செத்துவிடும். இன்னொரு எண் வருவதற்குள் மணி ஐந்தாகிவிடும். ஒரு வருடம் வீணாகும். ஆனால் சான்று பத்திரமாக இருக்கும். அடுத்த வருடம் அவள் மனசு மாறலாம். அண்ணன் சொன்னதைக் கேட்கலாம். இதையெல்லாம் யோசிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது. அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. கெஞ்சவும் இல்லை. கூடுதல் தாளுக்காக எழுந்து நின்றவரைப் போல, கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

“நாலு, ஒண்ணு, ஒண்ணு, சைபர்” என்று படித்தேன். அவள் தட்டினாள். “ஏழு, ரெண்டு.”

சிந்துஜா பி.எஸ்ஸி. விலங்கியலை எடுத்தாள். பூவரசம்பாறைக் கலைக் கல்லூரி. இரண்டாவது விருப்பம் என்று எதையும் போடவில்லை.

ஐந்து மணிக்கு என் போனுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. வகுப்புகள் போன திங்கட்கிழமையே தொடங்கிவிட்டன என்றும், எஸ். சிந்துஜாவுக்கு ஐந்து நாளும் வருகை போட்டாகிவிட்டது என்றும், அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நிறையக் கேள்வி கேட்கிறாள் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த ஐந்து நாள்களையும் வருகையாகவே வைத்துக்கொள்ளலாமா, விடுப்பாக மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

சிந்துஜா போனை வாங்கி, விடுப்பு என்று பதில் அனுப்பினாள்.